பாவு ஆச்சு

ஆரணி
28.8.2025

பெரம்பூர், மூணாவது மாடி, திருமதி ஜெ. அபிதகுசாம்பாள் அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து கு. சுபலட்சுமி எழுதறது.

கூடப் பொறந்த அக்காவுக்கு 'அவர்கள்' போட்டு எழுதறாளேன்னு பாக்காதே. அக்கான்னு கூப்பிட்டா பேசின மாதிரி ஆயிடும். எட்டு வருஷம் முன்னாடி நோன்பு அன்னைக்கு, எரியற கற்பூரத்தைக் கையால அணைச்சு, உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். எழுத மாட்டேன்னு பண்ணல. நல்லா யோசிச்சுப் பாத்துட்டுத்தான் பேனா எடுத்தேன். வாட்ஸ்அப்புல அனுப்பலாம்தான். உன் போனை ஜெகநாதன் மாமாதான் எடுத்துப் படிக்கிறாருன்னு ஆரணிக்கே தெரியும்.

நம்ம பழைய தெருவுலயே சொந்த வூடு கட்டி போன வாரம் குடி வந்துட்டோம். பத்திரிகை அனுப்பினேன், நீ வரல. சரி, போவுது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்தத் தீபாவளிக்கு என் வூட்ல கௌரி நோன்பு எடுக்கணும். அண்ணன் தம்பியக் கட்டிகினு நாம ரெண்டு பேரும் ஒரே வூட்டுக்கு வந்தோம். அத்தை சாவறப்ப நோன்பை மூத்த மருமவள்னு உன் கையில கொடுத்தாங்க. அத்தை சொன்ன முறை உனக்கும் தெரியும். தனி வூடு போன பங்காளி, மூத்தவ சுட்ட அதிரசம் ஒண்ணும் மஞ்சக் கயிறு ஒண்ணும் வாங்கினாத்தான் அவ அடுப்புல அதிரசத்துக்கு எண்ணெய் வெக்கலாம்.

ஒரு அதிரசம், ஒரு கயிறு. பட்டுச் சேலையா கேட்டேன்? பேச வேணாம். வந்து நீட்டு, நான் வாங்கிக்கறேன்.

கு. சுபலட்சுமி


பெரம்பூர், சென்னை
6.9.2025

அன்புள்ள தங்கை சுபாவுக்கு,

நலம். உங்கள் நலத்தையும் கொழுந்தன் குமரேசன், மகள் இளமதி நலத்தையும் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. ஆவணி மாதம் முகூர்த்த சீசன் என்பதால் உன் மாமாவுக்குப் பட்டுக் கடையில் ஒரு நாள்கூட லீவு தரவில்லை. அதனால்தான் குடிபுகுதலுக்கு வர இயலவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

நோன்பு விஷயம். அது தபாலில் கேட்டுத் தபாலில் கொடுக்கிற விஷயம் அல்ல. அந்த வருஷம் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அப்படி ஆன பிறகு எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசித்துத்தான் செய்ய வேண்டும். இந்த வருஷம் போகட்டும். பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
அபிதகுசாம்பாள்

பின்குறிப்பு: வீட்டுக்கு என்ன கலர் அடித்திருக்கிறீர்கள்?


ஆரணி
12.9.2025

அபிதகுசாம்பாள் அவர்களுக்கு,

பச்சை. கிளிப் பச்சை. போதுமா?

'அந்த வருஷம் பிரிந்து போனதை' மறப்பேனா? நீதான் மறந்துட்டே போல, நான் ஞாபகப்படுத்தறேன். எண்ணெய்ல போட்ட அதிரசம் ஒண்ணுகூட நிக்காம கரைஞ்சு கரைஞ்சு போச்சு. அத்தை தலையில கைய வெச்சிகினு உக்காந்துட்டாங்க. பங்காளிப் பொம்பளைங்க எட்டு பேரு சுத்தி நின்னுகினு இருந்தாங்க. அப்ப நீ என்ன சொன்னே? "சுபாதான் வெல்லப் பாவைத் தொட்டா." அவ்ளோதான் சொன்னே. அத்தை என் பக்கம் திரும்பி, "உனக்கு நாள் எப்ப?"ன்னு கேட்டாங்க. எட்டு பேரு எதிர்ல, ஒரு தீட்டுக்காரிய விசாரிக்கற மாதிரி. நான் சுத்தமா இருக்கேன்னு கற்பூரத்து மேல அடிச்சு சத்தியம் பண்ணேன். நீ ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லுவேன்னு உன் மூஞ்சியவே பாத்துகினு நின்னேன். நீ கரண்டியப் பாத்துகினு இருந்தே. அதுக்கப்புறம்தான் கற்பூரத்தை அணைச்சேன்.

வேற யாராவது சொல்லியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது. அதிரசத்துக்கு நாம பட்ட பாடு வேற யாருக்குத் தெரியும்? பெரணமல்லூர்ல நம்ம வூட்டுக்கு நோன்பு கெடையாது. நோன்பு இல்லாத வூட்ல அதிரசம் சுடக் கூடாதுன்னு அம்மா சட்டியே எடுக்க மாட்டா. எதிர்வூட்டு பொன்னியம்மா பெரிம்மாதான் நோன்பு முடிஞ்சு தட்டு எடுத்துகினு வருவாங்க. நோன்பு இல்லாத புள்ளைங்களுக்கு இது போதும்னு ஒரே ஒரு அதிரசத்தை ரெண்டா உடைச்சு ஆளுக்குப் பாதி கொடுப்பாங்க. ஒரு பாதி எப்பவும் பெருசா இருக்கும். நீ ஒண்ணும் சொல்லாம அதை என் கையில வெச்சிட்டு சின்னதை எடுத்துக்குவே. ஒவ்வொரு வருஷமும்.

அம்மா சந்தவாசலுக்குக் கல்யாணத்துக்குப் போனப்ப நாம திருட்டுத்தனமா சுட்டது ஞாபகம் இருக்கா? உனக்குப் பத்து வயசு, எனக்கு ஏழு. வெல்லத்தை நசுக்கிப் பச்சத் தண்ணியில கரைச்சு மாவைக் கொட்டி எண்ணெய்ல போட்டோம். சட்டி பூரா சேறு. அதையும் விடல, கரண்டியில அள்ளி அள்ளித் தின்னோம். ரெண்டு நாளு கொல்லைக்கும் வூட்டுக்கும் ஓடினோம். அப்பத்தான் நீ சொன்னே, நோன்பு இருக்கற வூட்டுக்குத்தான் நாம வாக்கப்படணும்னு. சொன்ன மாதிரியே பண்ணே. பொண்ணு பாக்க வந்தவங்களைப் பாத்து, மாப்பிள்ளைக்கு எத்தனை தறின்னு கேக்காம, "உங்க வூட்ல நோன்பு இருக்குதுங்களா?"ன்னு கேட்ட ஒரே பொண்ணு ஜில்லாவுலயே நீதான். மூணு வருஷம் கழிச்சு அதே வூட்டுக்கு என்னையும் இழுத்துகினே. அந்த நீயா என்னை எட்டு பேரு எதிர்ல விட்டுட்டே?

இன்னொண்ணு கேளு. நீ ஊரை விட்டுப் போன அடுத்த வருஷம், பக்கத்து வூட்டு பங்காளி சுபத்ரா பாவு முறுகிப்போச்சுன்னு அழுதுகினே வந்தா. போயி சரி பண்ணிக் கொடுத்தேன். அதுலேர்ந்து தீபாவளி வந்தா இந்தத் தெருவுல எட்டு வூட்ல பாவுப் பதம் நான் வந்து பாத்து சொன்னாத்தான் இறக்கறாங்க. தொட்டா பிரியும்னு நீ சொன்ன அதே கை. ஏழு வருஷமா ஒரு வூட்ல ஒரு அதிரசம் பிரியல. என் அடுப்புல மட்டும்தான் எண்ணெய் வெக்க எனக்கு உரிமை இல்ல.

இந்த வருஷம் எனக்கு நோன்பு வேணும். இளமதிக்காகன்னு சொல்லலாம், பொய்யா போயிடும். எனக்கு வேணும்.

சுபலட்சுமி


பெரம்பூர்
25.9.2025

அன்புள்ள சுபா,

நலம், நலமறிய என்று ஆரம்பித்து நான்கு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது. உன் மாமா கடைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதித் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

உனக்கு நான் அதிரசம் கொடுக்க முடியாது. பிடிவாதம் இல்லை. என்னிடம் இல்லை. ஏழு வருஷமாக நான் நோன்புக்குப் படைப்பது இந்தத் தெரு முனை ஸ்வீட் கடையில் வாங்குகிற அதிரசம். டப்பாவைப் பிரித்து, வாழை இலையில் அடுக்கி, நான் சுட்டது போல வைக்கிறேன். எண்ணெய்ச் சட்டியை எடுக்கவே பயமாக இருக்கிறது. மாமாவுக்கும் தெரியாது. "ஊர்ல சுட்ட மாதிரியே இருக்குதே" என்று சாப்பிடுகிறார்.

இப்போது அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். நோன்புக்கு மூன்று நாள் முன்னால் பாவு காய்ச்சினது நீ. அத்தை உன்னை வெற்றிலை வாங்கக் கடைக்கு அனுப்பினார்கள். நீ போகும்போது, "நான் வந்து பதம் பாத்துச் சொல்றேன், அதுவரைக்கும் எறக்காதே" என்று என்னிடம் சொன்னாய். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெளிவாகக் காதில் விழவில்லை. அப்போது வாசலிலிருந்து, "பாவு ஆச்சு, எறக்கிக்கோங்க" என்று ஒரு சத்தம். நீதான் திரும்பி வந்து சொல்கிறாய் என்று நினைத்து அண்டாவை இறக்கி மாவைக் கொட்டிக் கிளறிவிட்டேன். நீ உள்ளே வந்தபோது, அத்தை பதம் பார்த்து இறக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருப்பாய்.

அது நீ இல்லை, சுபா. பாவு நூல் ஓட்டுகிற அன்பழகன். தறிக்குப் பாவு ஓட்டி முடித்து வண்டியில் கொண்டுவந்து, நம் வீட்டு ஆண்களைக் கூப்பிட்டிருக்கிறான். வெல்லப் பாகையும் நம் வாய் பாவு என்றுதானே சொல்கிறது. தறிக்கு வந்த பாவுக்கு நான் அடுப்புப் பாவை இறக்கிவிட்டேன். இன்னும் பதம் வரவில்லை. பிரியாமல் என்ன செய்யும்?

நோன்பு அன்றைக்கு ராத்திரி தறி மேல் புதுப் பாவைப் பார்த்தபோதுதான் கூப்பிட்டது யார் என்று எனக்குப் புரிந்தது. எண்ணெயில் பிரிந்தபோது எனக்கு அது தெரியாது, நிஜமாகவே தெரியாது. ஆனால் உன்னைச் சொன்னேனே, அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பயம். மூத்த மருமகள் கையில் நோன்பு கெட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று. மறுநாள் காலையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் சொல்லியிருக்கலாம். அத்தை இருந்தவரை பயம், அத்தை போன பிறகு வெட்கம். இப்படியே எட்டு வருஷம் போய்விட்டது.

நீ சுத்தமாகத்தான் இருந்தாய். பிரித்தது நான்.

அபிதா


ஆரணி
29.9.2025

அன்பழகன் குரலும் என் குரலும் உனக்கு ஒண்ணா?

ஆம்பளை குரலுக்கும் பொம்பளை குரலுக்கும் வித்தியாசம் தெரியாத உன் காதுக்கு எட்டு வருஷம் நான் தண்டனை அனுபவிச்சேன். வேற எழுத வரல.

சு.


ஆரணி
3.10.2025

அபிதா அவர்களுக்கு,

மூணு நாளு கோவமா இருந்தேன். நாலாம் நாளு பாவு ஓட்டி எடுத்துகினு அதே அன்பழகன் வந்து, அதே கீச்சுக் குரல்ல, "பாவு ஆச்சு, எறக்கிக்கோங்க"ன்னான். நான் அடுப்படியில இருந்தேன். கண்ணை மூடிகினு கேட்டேன். சத்தியமா சொல்றேன், என் குரல்தான். தரையில உக்காந்து சிரிச்சேன், அப்புறம் அழுதேன். வூட்டுக்காரரு பயந்துபோயி தண்ணி கொண்டாந்து கொடுத்தாரு. அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பங்காளிங்க எட்டு பேருகிட்டயும் நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை.

இப்ப வேலையப் பாப்போம். ஸ்வீட் கடை அதிரசத்தை நான் வாங்கிக்க மாட்டேன். நீ சுடு. உனக்கு நான் எழுதறேன்.

ஒரு கிலோ பச்சரிசி, ஒரு மணி நேரம் ஊறணும். வடிச்சு வெள்ளைத் துணியில நெழல்ல போடு. வெயில்ல போட்டே, நான் அங்க வந்து அடிப்பேன். கையில பிடிச்சா ஒட்டணும், ஒதறினா விழணும், அப்ப மிஷினுக்கு எடுத்துகினு போ. வரமிளகா அரைச்ச மிஷின்ல கொட்டிடப் போறாங்க, பாத்துக்கோ.

வெல்லம் முக்கா கிலோ, பழுப்பா இருக்கணும். முழுக்க வெள்ளையா இருக்கறதை எடுக்காதே. பாவு கொதிக்கறப்ப ஒரு தட்டுல தண்ணி வெச்சுக்கோ. ஒரு சொட்டு விடு. கரைஞ்சா ஆவல. விரலால சேத்தா சேந்து, மெத்துன்னு உருண்டையா நின்னா ஆச்சு. தட்டுல தட்டினா சத்தம் வந்தா முறுகிப்போச்சு. யார் என்ன கத்தினாலும் நீ தட்டை மட்டும் பாரு. காதை நம்பாதே.

ஏலக்காய், சுக்கு போடு. மாவைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கிளறி, நெய் தடவி மூடிடு. மூணு நாளு அதைத் தொறந்து பாக்காதே. உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வெக்கறேன்.

தீயைக் கம்மியா வை. மொதல் அதிரசம் மேல வர்ற வரைக்கும் கரண்டியால குத்தாதே. அதுவா வரும்.

சுபா


பெரம்பூர்
11.10.2025

சுபா,

முதல் தடவை போச்சு. மூன்று நாள் பொறுக்காமல் மறுநாளே சுட்டேன். ஒன்று உள்ளே போய்த் திரும்பி வரவே இல்லை. கீழ் வீட்டு மணிமேகலை என்ன கருகுகிறது என்று கேட்டுக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டாள். மாமா வந்து சட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன், ஸ்வீட் கடை விஷயம், அன்பழகன் விஷயம், எல்லாம். பிறகு, "ஏழு வருஷமா அது கடையில வாங்கினதா? அவன் நல்லாத்தான் போடறான்" என்றார். அவ்வளவுதான். இதற்குப் போய் ஏழு வருஷம் பயந்தேனே என்று இருக்கிறது.

இரண்டாவது தடவை நீ எழுதின தாளை அடுப்புக்கு மேல் ஒட்டிவைத்துக்கொண்டு செய்தேன். டிவி, மிக்ஸி, போன் எல்லாவற்றையும் அணைத்தேன். தட்டை மட்டும் பார்த்தேன். உருண்டது சுபா. தண்ணீரில் மெத்தென்று உருண்டது. மூன்று நாளும் திறக்கவில்லை, மூடியை மட்டும் முகர்ந்து பார்த்தேன்.

நேற்று சுட்டேன். முதல் அதிரசம் உள்ளே போனதும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். மேலே வந்தது. அதுவாக வந்தது! நாற்பத்தி ஏழு வயதில் அடுப்பு முன்னால் குதித்தேன். மணிமேகலை மறுபடி மேலே வந்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். முப்பதில் ஒன்பது ஓரம் உடைந்துவிட்டது. முழுசாக நின்றது இருபத்தொன்று. நோன்புக்குச் சரியாக இருபத்தொன்று வேண்டும். உனக்குத் தர இருபத்திரண்டாவது இல்லை. மாவும் தீர்ந்துவிட்டது. உன் மாமா இன்னொரு தடவை செய் என்கிறார். கை நல்லா வந்த நேரத்தில் மறுபடி தொட எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்.

அபிதா


ஆரணி
14.10.2025

அக்கா,

எழுத்துல கூப்பிட்டா சத்தியம் உடையாது, கேட்டுகினேன்.

இன்னொண்ணு சுடாதே. இருக்கற இருபத்தொண்ணையும் டப்பாவுல போட்டு எடுத்துகினு மாமாவோட இங்க வா. நோன்பு செவ்வாய்க்கெழமை, இருபத்தொண்ணாம் தேதி. காலையிலயே வந்துடு. அதுலேர்ந்து ஒண்ணை எனக்குக் கொடு. உன் தட்டுல இருபது ஆயிடும், ஆவட்டும். உன் கையால வாங்கின நிமிஷமே என் அடுப்புல எண்ணெய் வெக்க எனக்கு உரிமை வந்துடுது இல்ல? நான் சுடற மொதல் அதிரசம் உன் தட்டுக்கு. இருபத்தொண்ணு சரியாயிடும். உன் நோன்பும் நிக்கும், என் நோன்பும் நிக்கும்.

அன்னைக்கு நின்ன பங்காளிப் பொம்பளைங்க எட்டு பேரையும் கூப்பிட்டிருக்கேன். எதுக்குன்னு உனக்குத் தெரியும்.

வூட்டு அடையாளம் கேக்க வேணாம். தெருவுல கிளிப் பச்சை ஒண்ணுதான்.

சுபா


பெரம்பூர்
24.10.2025

அன்புள்ள சுபா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இனி போனிலேயே பேசலாம் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னாய். ஆனாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வராமலே இருந்துவிடலாமா என்று இருந்தது. அந்த எட்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைக்காமலே நின்றேன். நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டு இருந்தாய். "அன்னிக்குப் பாவை எறக்கினது நான். சுபா மேல ஒரு தப்பும் இல்ல. அவ பேரைச் சொன்னது என் கோழைத்தனம்" என்று சொல்லி முடித்தேன். சுபத்ராதான் முதலில், "அட, அவ கை பாவுக் கைன்னு எங்களுக்கு ஏழு வருஷமா தெரியுமே" என்றாள். உன் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்துவிட்டேன். வெற்றிலையைத் துடைக்கிற சாக்கில் அதையும் துடைத்தாய்.

கயிற்றையும் அதிரசத்தையும் நீட்டினேன். இரண்டு கையையும் சேர்த்து வாங்கினாய். அப்போதும் பேசவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாய். நான் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். உன் முதல் அதிரசம் உள்ளே போயிற்று, மேலே வந்தது, வட்டமாக, ஓரம்கூடக் கீறாமல். நான் அதைப் பார்த்துக்கொண்டே மலைத்துப் போய் நின்றுவிட்டேன். அப்போது நீ கத்தினாய்.

"அக்கா, திருப்பு! கருவுது!"

எட்டு வருஷத்துச் சத்தியம் ஒரு அதிரசம் கருகிவிடுமே என்று உடைந்து போயிற்று. கூடமே சிரித்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டாய், பிறகு நீயும் சிரித்தாய். அந்த அதிரசம் ஒரு பக்கம் கொஞ்சம் சிவந்துதான் போனது. அதைத்தான் என் தட்டில் இருபத்தொன்றாவதாக வைத்தாய். படைத்த பிறகு அதைத்தான் நான் முதலில் சாப்பிட்டேன்.

அபிதா


ஆரணி
27.10.2025

அக்கா,

இதை போன்ல சொல்லியிருப்பேன். சொல்றப்ப அழுதுடுவேன், நீயும் அழுவே, மாமா போனைப் பிடுங்கிக்குவாரு. அதனால எழுதறேன்.

நீ போன மறுநாளு எட்டு வூட்டுக்கும் தட்டு அனுப்பினேன். கல்யாணம் ஆயி இத்தனை வருஷத்துல என் பேர்ல ஒரு தட்டு வெளிய போனது இதுதான் மொதல் தடவை. இளமதி தூக்கிகினு போனா. நான் வாசல்லயே நின்னு அவ ஒவ்வொரு வூடா ஏறி எறங்கறதைப் பாத்துகினே இருந்தேன். தறி ஓட்ட வாடின்னு அவரு ரெண்டு தடவை கூப்பிட்டாரு, போவல.

அப்புறம் ரெண்டு அதிரசத்தை எடுத்து வெச்சேன். நீ கொடுத்ததை நான் அன்னைக்கே தின்னுட்டேன்னு நினைச்சிருப்பே. இல்ல, அதை அப்படியே வெச்சிருந்தேன். நீ சுட்டது ஒண்ணு, நான் சுட்டது ஒண்ணு. ரெண்டையும் வாழையிலையில மடிச்சு எடுத்துகினு நேத்து பெரணமல்லூர் பஸ் ஏறினேன்.

பொன்னியம்மா பெரிம்மா இருக்காங்க அக்கா. கண்ணு சரியா தெரியல, மத்தபடி கல்லு மாதிரி இருக்காங்க. எதிர்வூட்டு சுபாங்கன்னு சொன்னதும் கைய இழுத்துப் பக்கத்துல உக்கார வெச்சிகினாங்க. இலையைப் பிரிச்சு அவங்க கையில வெச்சேன். மோந்து பாத்தாங்க. என்ன பண்ணாங்க தெரியுமா? பழக்கம் விடல, ஒண்ணை எடுத்து ரெண்டா உடைக்கப் போனாங்க, எனக்குப் பாதி கொடுக்க.

நான் அவங்க கையப் பிடிச்சு நிறுத்திட்டேன். "உடைக்காதீங்க பெரிம்மா. ரெண்டும் உங்களுக்குத்தான். முழுசா தின்னுங்க"ன்னேன்.

அவங்க கொஞ்ச நேரம் என் மூஞ்சிய உத்துப் பாத்தாங்க. உங்க வூட்ல நோன்பு கெடையாதே, இது யாரு வூட்டு நோன்பும்மான்னு கேட்டாங்க.

எதிர்ல நம்ம பழைய வூடு இருந்துது. அம்மா சட்டி எடுக்காத அடுப்படி இருந்த சுவரு தெரிஞ்சுது. நான் தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னேன் அக்கா.

"எங்க வூட்டு நோன்பு பெரிம்மா. எங்க அக்கா சுட்டது ஒண்ணு, நான் சுட்டது ஒண்ணு."

சுபா